மழலை பிந்தும் மதலைகள்

வேற்று மாநிலத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தையின் செவியில் மூன்று மொழிகள் விழுகின்றன. அன்னையின் மடியில் தமிழ்; அடுத்த வீட்டு வாசலில் இந்தியோ, மராத்தியோ, வங்காளியோ; பள்ளி சென்று திரும்பும் அண்ணன் அக்காளின் வாயில் ஆங்கிலம். இத்தகைய வீட்டில் இரண்டு வயது நிரம்பியும் ஒரு குழந்தை பேசவில்லையென்றால், உற்றாரும் அயலாரும் ஒரே குரலில் சொல்லும் காரணம் ஒன்றுண்டு. "பல பாஷை கேட்டுக் கேட்டுக் குழந்தை குழம்பிவிட்டது" என்பர். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் பாட்டியோ, "ஆண்பிள்ளை மெல்லத்தான் பேசுவான், இவன் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று ஆறுதல் கூறுவார்.

இரண்டும் அன்பினால் எழும் சொற்களே. பல குழந்தைகளின் விஷயத்தில் பாட்டியின் வாக்குப் பலித்தும் விடுகிறது. ஆயினும் வேறு சில குழந்தைகளுக்கு இந்த ஆறுதலே தீங்காய் முடிகிறது. ஏனெனில், அவர்கள் பேச்சுப் பிந்துவதற்குக் காரணம் வீட்டு மொழிகளின் எண்ணிக்கை அன்று. உயிரணுவுக்குள் இருக்கும் நுண்ணிய இழைகளின் எண்ணிக்கையே காரணம். அதனைக் காலத்தே அறிந்து உதவி செய்தால் பெரும் பயன் உண்டு. இவ்வுண்மை நம் இல்லங்களில் பரவலாக அறியப்படாதிருத்தலால் இக்கட்டுரை எழுதலாயிற்று.

நாற்பத்தாறு என்னும் கணக்கு

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம் எனப்படும் இழைகள் உள்ளன. பாடநூல்கள் இவற்றை நிறப்புரி என்று குறிக்கும். பெற்றோரின் சாயலும் குணமும் பிள்ளைக்கு வந்து சேர்வது இவற்றின் வழியேதான். மனிதனுக்கு இவை 48 என்று அறிஞர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருந்தனர். ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவன் என்னும் இருவர் சரியாக எண்ணி, அவை 46 என்று 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இந்த 46-உம் 23 இணைகளாக அமைந்தவை. அவற்றுள் 22 இணைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. எஞ்சிய ஓர் இணையே பாலினத்தைத் தீர்மானிப்பது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். தாயிடமிருந்து எப்பொழுதும் ஓர் எக்ஸ் வரும். தந்தையிடமிருந்து எக்ஸோ ஒய்யோ வரும்.

தாயின் கருமுட்டையோ தந்தையின் விந்தணுவோ உருவாகும்போது இந்த இணை பிரிய வேண்டும். சில வேளைகளில் அது பிரியாமல் நின்றுவிடுகிறது. அல்லது ஓர் இழை வழியில் தவறிவிடுகிறது. அப்பொழுது பிறக்கும் குழந்தைக்கு ஓர் இழை கூடியோ குறைந்தோ அமைகிறது. எக்ஸ்-எக்ஸ்-ஒய் அமைப்புடன் பிறக்கும் ஆண் குழந்தை சுமார் 600 ஆண் பிறப்புகளுக்கு ஒன்று. மூன்று எக்ஸ் கொண்ட பெண் குழந்தை சுமார் 1,000 பெண் பிறப்புகளுக்கு ஒன்று. எக்ஸ்-ஒய்-ஒய் கொண்ட ஆண் குழந்தையும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரே ஓர் எக்ஸ் மட்டும் கொண்ட பெண் குழந்தை 2,000 முதல் 2,500 பெண் பிறப்புகளுக்கு ஒன்று. நான்கையும் கூட்டினால் நானூறு, ஐந்நூறு குழந்தைகளுக்கு ஒரு குழந்தை என்றாகிறது. நாம் அனைவரும் கேள்விப்பட்டுள்ள டவுன் நோயைக் காட்டிலும் இது மிகுதி. அவ்வாறிருந்தும் இதனை அறிந்தவர் சிலரே. முகத்தைப் பார்த்து எளிதில் சொல்ல முடியாது என்பதே அதன் காரணம்.

அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் 1938-இல் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார். பாஸ்டன் நகரில் ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942-இல் ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார். ஓர் எக்ஸ் மட்டும் உள்ள நிலைக்கு டர்னர் என்றும், எக்ஸ்-எக்ஸ்-ஒய் நிலைக்குக் கிளைன்ஃபெல்டர் என்றும் பெயர் வழங்குவது இதனால்தான். எனினும் காரணம் குரோமோசோமில் உள்ளது என்று 1959-இல்தான் தெளிந்தது. எடின்பரோ நகரில் பெட்ரீஷியா ஜேக்கப்ஸ் என்னும் அம்மையாரும் ஜான் ஸ்ட்ராங்கும் எக்ஸ்-எக்ஸ்-ஒய் அமைப்பைக் கண்டனர். அதே ஆண்டில் சார்லஸ் ஃபோர்டும் அவர் தோழர்களும் டர்னர் பெண்களுக்கு ஓர் எக்ஸ் இல்லாதிருப்பதைக் காட்டினர்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லவேண்டும். இழை பிரியாமை யாருடைய குற்றமும் அன்று. கர்ப்ப காலத்தில் உண்ட உணவோ, கிரகணத்தன்று வெளியே சென்றதோ, குடும்பத்துப் பாவமோ இதற்குக் காரணம் ஆகா. எக்ஸ்-எக்ஸ்-ஒய் குழந்தைகளுள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மிகையான இழை தந்தை வழியே வந்தது. மற்றப் பாதிப் பேருக்குத் தாய் வழியே வந்தது. ஆகவே, மருமகளை நோக்கி விரல் நீட்டும் மாமியாருக்கு விஞ்ஞானம் துணை நிற்காது.

சிசுவின் மூளை வளரும் வேகம்

பிறந்த குழந்தையின் மூளை ஏறக்குறைய 350 முதல் 400 கிராம் எடையுள்ளது. வளர்ந்த மனிதனின் மூளை சுமார் 1,300 கிராமுக்கு மேற்பட்டது. முதல் ஓராண்டிலேயே குழந்தையின் மூளை அளவில் இரட்டிப்பாகிறது. இரண்டாம் ஆண்டின் இறுதியில் வளர்ந்தவர் மூளையின் பரிமாணத்தில் ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. வாழ்நாளில் வேறு எக்காலத்திலும் இத்தகைய வேகம் இல்லை.

இவ்வளர்ச்சி வெறும் பருமன் அன்று. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக் கோடிக்கணக்கான இணைப்புகளை உண்டாக்குகின்றன. வழங்கும் இணைப்பு வலுப்பெறுகிறது. வழங்காத இணைப்பு வாடி உதிர்கிறது. நரம்பு இழைகளின் மேல் கொழுப்புறை படிந்து செய்தி விரைந்தோட வழி செய்கிறது. குழந்தை கேட்பதும் பார்ப்பதும் தொடுவதும் இவ்வேலைக்கு வேண்டிய பொருள்களாம்.

ஒரு சான்று கூறுவோம். இந்தி மொழியில் நாவை மடித்து ஒலிக்கும் டகரமும், பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரமும் வெவ்வேறு எழுத்துகள். நம் தமிழிலும் அப்படியே. ஆங்கிலம் பேசுவோர் காதுக்கு இவை இரண்டும் ஒன்றே. கனடா நாட்டு வான்கூவர் நகரில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தி மொழியின் இவ்விரண்டு ஒலிகளையும் வேறுபடுத்தி அறிந்தன என்று காட்டினர். அந்தத் திறன் பத்து முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் தேய்ந்துவிட்டது. ஒரு சொல்லும் பேசாத பருவத்திலேயே குழந்தையின் மூளை தன் வீட்டு மொழிக்கு ஏற்பத் தன்னைச் செதுக்கிக் கொள்கிறது என்பது இதனால் விளங்கும். பேச்சின் அஸ்திவாரம் பேசுவதற்கு முன்பே போடப்பட்டு விடுகிறது.

ஓர் இழையின் கூடுதலும் குறைவும்

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்று. அவ்வாறாயின் பெண்ணின் உடலில் எக்ஸ் இழையின் வேலை இரு மடங்காக நடக்க வேண்டாமா? நடப்பதில்லை. ஓர் எக்ஸ் விழித்திருக்க மற்றொன்று உறங்கிவிடுகிறது என்ற கருத்தை மேரி லயன் என்னும் ஆங்கில அம்மையார் 1961-இல் வெளியிட்டார். ஆனால் உறங்கும் இழை முழுதும் உறங்குவதில்லை. அதிலுள்ள மரபணுக்களுள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து தொடர்ந்து வேலை செய்கின்றன. எக்ஸ் இழையிலுள்ள மரபணுக்களுள் பல மூளையில் பணியாற்றுபவை. எனவே ஓர் இழை கூடினால் சில பொருள்கள் மிகுதியாகவும், குறைந்தால் குறைவாகவும் மூளைக்குக் கிடைக்கின்றன. வேறுபாட்டின் மூலம் இதுதான்.

காந்த அலைப் படக்கருவி மூலம் சிறுவர்களின் மூளையை ஆராய்ந்தோர், எக்ஸ்-எக்ஸ்-ஒய் உடையோருக்கு மொழிக்கு உதவும் பக்கவாட்டுப் பகுதிகளிலும், டர்னர் பெண்களுக்கு இடத்தையும் வடிவத்தையும் அளந்தறியும் மேற்பின் பகுதிகளிலும் சராசரி அமைப்பினின்று வேறுபாடு கண்டுள்ளனர். இது பலரைச் சேர்த்து எடுத்த சராசரிக் கணக்கேயன்றி, ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்து அதன் வருங்காலத்தைக் கூறும் ஜோதிடம் அன்று.

வீட்டிலே தாய் காணக்கூடியது என்ன? எக்ஸ்-எக்ஸ்-ஒய் ஆண் சிசு பெரும்பாலும் சாதுவாக இருக்கும். தூக்கினால் உடல் சற்றுத் தளர்ந்து துவளும். உட்காருவதும் நடப்பதும் சிறிது பிந்தலாம். பேச்சு மேலும் பிந்தும். பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தன் எண்ணத்தைச் சொல்லில் வடிக்க வாராது. மூன்று எக்ஸ் உடைய பெண் குழந்தைக்கும், எக்ஸ்-ஒய்-ஒய் ஆண் குழந்தைக்கும் பேச்சுத் தாமதம் உண்டு. பின்னவன் வளர்ந்தபின் சற்றுத் துறுதுறுப்பாகவும், ஒன்றில் மனம் நிலைக்காமலும் இருக்கக்கூடும்.

டர்னர் பெண் குழந்தையின் வழி வேறு. பேச்சில் அவள் பெரும்பாலும் பின்தங்குவதில்லை. சொல் வளம் மிக்கவளாகவும் இருப்பாள். வழி கண்டுபிடித்தல், படத்தைப் பார்த்து அடுக்குதல், கணக்கு ஆகியவற்றில் அவளுக்குத் துணை வேண்டியிருக்கும். பிறந்தபோது கைகால்களின் மேற்புறம் வீங்கியிருத்தல் இந்நிலையின் ஓர் அடையாளம். காதில் சீழ் அடிக்கடி வரும். இருதயத்தையும் பெருநாடியையும் மருத்துவர் பார்த்தே தீரவேண்டும்.

மூளையின் வேறுபாடு என்றவுடன் பெற்றோர் மனம் பதறும். ஆனால் இக்குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோரின் அறிவுத்திறன் இயல்பான எல்லைக்குள்தான் உள்ளது. சராசரியில் தம் உடன்பிறந்தாரைவிடச் சிறிது குறையலாம். பலர் குறைவின்றியும் இருப்பர். வண்டி தாமதமாக வருவது வேறு, வராமலே போவது வேறு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டென்வர் நகரம் தந்த பாடம்

அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆர்தர் ராபின்சன் என்னும் மருத்துவர் தலைமையில் 1964 முதல் 1974 வரை அடுத்தடுத்துப் பிறந்த சுமார் 40,000 குழந்தைகளைப் பரிசோதித்தனர். பாலினக் குரோமோசோம் வேறுபட்ட குழந்தைகளைக் கண்டு, அவர்கள் வளர்ந்து பெரியவராகும் வரை தொடர்ந்து கவனித்தனர். உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டும் பார்த்தனர்.

பல ஆண்டு உழைப்பின் பயனாய்த் தெரிந்த உண்மைகளுள் ஒன்று பெற்றோர் அனைவரும் அறியத்தக்கது. அமைதியும் ஆதரவும் நிறைந்த குடும்பத்தில் வளர்ந்த இக்குழந்தைகள் தம் உடன்பிறந்தாரை ஏறக்குறைய ஒத்து நின்றனர். சச்சரவும் நிலையின்மையும் மிக்க வீட்டிலோ, உடன்பிறந்தார் தாங்கிக்கொண்ட இடர்களை இவர்களால் தாங்க இயலவில்லை. ஓர் இழையின் கணக்கை நம்மால் மாற்ற முடியாது. வீட்டின் சூழலையோ நாம் மாற்றலாம். அதுவும் இக்குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட மிகுதியாய்ப் பயன்படுகிறது.

அண்மைக் காலத்தில் டென்வர் ஆய்வாளரும் ஹாலந்து நாட்டின் லைடன் நகரத்து ஆய்வாளரும் ஒன்றுசேர்ந்து ஒரு வயது முதல் ஏழு வயது வரையுள்ள இத்தகைய குழந்தைகளை ஆராய்ந்துள்ளனர். மொழியிலும் பிறரோடு பழகும் திறனிலும் தோன்றும் வேறுபாடு பள்ளிப் பருவம் வரும்வரை காத்திருப்பதில்லை, இளம் பருவத்திலேயே தலைகாட்டுகிறது என்பது அவர்கள் கண்டது. ஆகவே உதவியும் அப்பொழுதே தொடங்கவேண்டும்.

ஒரு பழிச்சொல்லின் வரலாறு

அறியாமை ஒரு தீமை. அரைகுறை அறிவு மற்றொரு தீமை. இங்கிலாந்தின் வடபால் உள்ள ஸ்காட்லாந்தில், குற்றமிழைத்த மனநோயாளரை அடைத்து வைத்த ஒரு நிலையத்தில் 1965-இல் ஓர் ஆய்வு நடந்தது. அங்கே எக்ஸ்-ஒய்-ஒய் ஆண்கள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாய் இருந்தனர். உடனே, மிகையான ஒய் இழை மனிதனைக் கொடியவனாக்கும் என்ற பேச்சு பத்திரிகைகளில் பரவியது. சிறைச்சாலைக்குள் நின்று எண்ணியவர்கள், வெளியே அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்த பல்லாயிரவரை எண்ணவில்லை. டென்மார்க் நாட்டில் ஊர் மக்களிடையே நடத்திய பெரிய ஆய்வு 1976-இல் வெளியாயிற்று. எக்ஸ்-ஒய்-ஒய் ஆண்கள் வன்முறையாளர் என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. அதற்குள் அப்பழிச்சொல் பல பெற்றோரின் உறக்கத்தைக் கெடுத்துவிட்டிருந்தது.

மருத்துவர் சொல்லும் பெயரைக் குழந்தையின் நெற்றியில் ஒட்டிவிடலாகாது என்பதே இதன் படிப்பினை. பெயர் வழியைக் காட்டும் பலகையாய் இருக்கட்டும். குழந்தையை அடைக்கும் கூண்டாய் ஆகவேண்டா.

மூன்று மொழி வீடு

இனி நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். பல மொழி கேட்பதால் பேச்சுப் பிந்துமா? பிந்தாது என்பதே ஆய்வுகளின் முடிவு. இரு மொழி கேட்டு வளரும் குழந்தை ஒவ்வொரு மொழியிலும் சில சொற்களையே அறிந்திருக்கலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் கணக்குக் குறையாது. "பானி" என்று கேட்டாலும் "தண்ணி" என்று கேட்டாலும் குழந்தை ஒரு சொல்லைக் கற்றுவிட்டது என்றே கொள்ளவேண்டும். ஆகவே எல்லா மொழியிலும் சேர்த்தே சொற்கள் வாராதிருந்தால், பழியை மொழிகளின் மேல் போட்டுவிட்டு வாளாவிருத்தல் தகாது.

இதனினும் பெரிய தவறு ஒன்றுண்டு. குழந்தை குழம்புகிறதென்று அஞ்சி, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு, தமக்கே சரளமாக வாராத இந்தியிலோ ஆங்கிலத்திலோ சில பெற்றோர் பேசத் தொடங்குகின்றனர். தாய் தட்டுத்தடுமாறிப் பேசும் மொழியில் கொஞ்சல் ஏது, கதை ஏது, தாலாட்டு ஏது? பேச்சுக்கு ஏங்கி நிற்கும் மூளைக்குக் கிடைக்கும் உணவை நாமே பாதியாக்குகிறோம். பேச்சுப் பிந்தும் குழந்தைக்கு அன்னை மொழி பாரமன்று, ஆதாரம்.

பெற்றோர் செய்யத்தக்கவை

குழந்தை ஒரு வயதிற்குள் தன் பெயர் கேட்டுத் திரும்புகிறதா, கையால் சுட்டிக் காட்டுகிறதா, மழலை ஒலிகளை அடுக்குகிறதா என்று கவனியுங்கள். ஒன்றரை வயதில் சில சொற்களேனும் வரவேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரு சொற்களைச் சேர்க்கவேண்டும். இவை வாராவிடில், "பொறுத்துப் பார்ப்போம்" என்று இன்னொரு தீபாவளிவரை தள்ளாமல் குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள்.

முதலிற் செய்யவேண்டியது செவிப் பரிசோதனை. கேளாத காது பேசாத வாய்க்குப் பெரிய காரணம். பேச்சுத் தாமதத்திற்குக் காரணங்கள் பல. பாலினக் குரோமோசோம் அவற்றுள் ஒன்றேயாதலால் ஒவ்வொரு குழந்தைக்கும் இச்சோதனை தேவை என்று எண்ணவேண்டா. மருத்துவர் ஐயுற்றால், நரம்பிலிருந்து சிறிது இரத்தம் எடுத்து, அதன் அணுக்களைச் சில நாள் வளர்த்து, சாயமேற்றி, குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்பர். இதனைக் கேரியோடைப் பரிசோதனை என்பர். டென்மார்க்கின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, எக்ஸ்-எக்ஸ்-ஒய் ஆண்களுள் நால்வரில் ஒருவரே வாழ்நாளில் கண்டறியப்பட்டனர் என்றும், பூப்புப் பருவத்திற்கு முன் அறியப்பட்டவர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்றும் தெரிந்தது. பலர் திருமணமாகிப் பிள்ளைப்பேறு இல்லாதபோதுதான் அறிகின்றனர். பேச்சுக்கு உதவும் பருவம் அதற்குள் எங்கோ சென்றுவிட்டிருக்கும்.

நம் நாட்டில் வசதி இல்லாமலில்லை. மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்குச் சென்று குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தையும் சோதிக்கின்றன. மேற்சிகிச்சைக்கு மாவட்டங்களில் ஆரம்ப இடையீட்டு மையங்கள் உண்டு. மும்பை பாந்த்ராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும், மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் பேச்சுக்கும் செவிக்கும் என்றே அமைந்தவை. எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும் இவ்வுதவியை நாடத் தயங்கவேண்டா.

தளர்ந்த தசைக்கு இயன்முறைப் பயிற்சியும், பேச்சுக்குப் பயிற்சியாளரின் துணையும் பெறலாம். ஆண் குழந்தைகளுக்கு இயக்குநீர் ஊசி போடுவதும், டர்னர் பெண்களுக்கு வளர்ச்சிக்கான மருந்து தருவதும் தகுந்த வயதில் நிபுணர் தீர்மானிக்கவேண்டியவை.

வீட்டில் செய்யவேண்டியதோ செலவில்லாதது. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் கைப்பேசியை அப்பால் வைத்து, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். குறுகிய வாக்கியமாய்ப் பேசுங்கள். பேசிவிட்டுச் சற்றே பொறுங்கள்; இக்குழந்தைக்குப் பதில் திரட்டச் சிறிது அவகாசம் வேண்டும். அது சுட்டும் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். தவறாய்ச் சொன்னால் நகைக்காமல், சரியான சொல்லை நீங்கள் திரும்பச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு, அது கேட்கப் பேசாதீர்கள். வாய் பேசாத குழந்தைக்குச் செவி நன்றாகவே கேட்கும்.

பிள்ளை வளர்ந்ததும் அவன் வயதுக்கேற்ப உண்மையை அவனுக்கே எடுத்துரைத்தல் நன்று. மறைத்து வைத்த செய்தி ஒருநாள் வெளிப்படும்போது அவமானமாய்த் தோன்றும். முன்னமே சொன்ன செய்தி வெறும் செய்தியாய் நின்றுவிடும்.

சொந்த ஊரில் பிறந்த குழந்தைக்குப் பாட்டி, அத்தை, சித்தி என்று பேசிக் கொஞ்சப் பத்துப் பேர் இருப்பர். வேலை நிமித்தம் தொலைவில் வாழும் நம் இல்லங்களிலோ தந்தை பணிக்குச் சென்றபின் தாயும் சேயும் தனித்திருக்கும் பகற்பொழுதே நீளம். நம் சங்கத்து அன்பர்கள் ஒருவர் வீட்டுக் குழந்தையை ஒருவர் அழைத்து, மாலையில் ஒரு மணி நேரம் தமிழில் கதை பேசி விளையாடினால், அந்த ஒரு மணி நேரம் பேச்சுப் பிந்திய குழந்தைக்கு மருந்தினும் மேலான துணையாகும். அத்தகைய வீட்டுக்குச் செல்லும்போது, "இன்னும் பேசவில்லையா?" என்று தாயைக் கேட்பதை விடுத்து, குழந்தையின் எதிரே அமர்ந்து அதனோடு பேசுவோமாக.